நாக்கு சொன்னால் போதுமா?

(மூன்றாம் ஆண்டு, சிவில் துறை)

இந்த மலரின் உள்ளே எங்கள் மூன்றாம் ஆண்டு சிவில் வகுப்பின் குழுப்படம் இருக்கிறது. அந்தப் பக்கம் வரும்போது ஒரு நிமிஷம் நின்று உற்றுப் பாருங்கள். போட்டோ எடுக்க வந்தவர் "எல்லாரும் கொஞ்சம் சிரிங்கப்பா" என்று மூன்று தடவை சொன்னார். முக்கால்வாசிப் பேர் பல் தெரியச் சிரித்திருக்கிறார்கள். ஏழெட்டுப் பேர் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறோம். "என்னப்பா, பரீட்சை ரிசல்ட் மாதிரி நிக்கறீங்க" என்று அவர் கிண்டல் கூடச் செய்தார்.

எங்களுக்குச் சிரிக்கத் தெரியாமல் இல்லை நண்பர்களே! பல்லைக் காட்ட வெட்கம். அந்த ஏழெட்டுப் பேருக்கும் ஊர் பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம். எங்கள் பற்களில் பழுப்பு நிறத்தில் கோடு கோடாகக் கறை இருக்கும். சிலருக்குச் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைத் திட்டு. முதல் வருஷம் ஹாஸ்டலில் சேர்ந்தபோது பக்கத்து அறை நண்பன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "ஏண்டா, பல்லே விளக்க மாட்டியா? இல்ல பாக்கு போடுவியா?" அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குத் தெரியாது. எனக்கே அப்போது தெரியாது.

வேப்பங்குச்சி, உப்பு, செங்கல் தூள், விதவிதமான பற்பசை என்று நான் தேய்க்காத பொருள் இல்லை. கறை போகவில்லை. போகவும் போகாது. ஏனென்றால் அது பல்லின் மேல் ஒட்டிய அழுக்கு இல்லை. பல்லுக்குள்ளேயே இருக்கிறது. நான் கைக்குழந்தையாக இருந்தது முதல் குடித்த தண்ணீர் என் பல்லில் எழுதி வைத்த எழுத்து அது.

அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பருப்பு வேகும் தண்ணீர்

எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்தவன் நான் ஒருவன்தான். அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். செங்கல்லும் கலவையும் தூக்கித் தூக்கியே தோள் காய்த்துப் போனவர். "நான் கட்டடத்துக்குக் கல்லு தூக்கறேன், நீ கட்டடத்துக்குக் கணக்குப் போடு" என்று சொல்லித்தான் என்னைச் சிவிலில் சேர்த்தார். அம்மா கையெழுத்துப் போடுவார். ஆயாவுக்குக் கைநாட்டு.

எங்கள் ஊரில் இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. ஒன்று உப்புத் தண்ணி. இன்னொன்று நல்ல தண்ணி. ஊர்க்கோடியில் இருக்கும் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கடுத்து இருக்கும்; அது உப்புத் தண்ணி. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் போர் தண்ணீர் இனிக்கும். அது நல்ல தண்ணி. இந்தத் தீர்ப்பைச் சொன்னது யார்? நாக்கு. அதற்கு மேல்முறையீடு கிடையாது! அந்தப் போரில்தான் மோட்டார் வைத்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றினார்கள். தெருவுக்குத் தெரு குழாய் வந்தது. "அந்தத் தண்ணியில பருப்பு வெச்சா ஒரு கொதியில வெந்துடும்" என்று ஆயா பெருமையாகச் சொல்லும். களி கிண்டினாலும், டீ போட்டாலும் அந்தத் தண்ணீரின் ருசியே தனி.

அந்த ஆயாவுக்கு இன்று முட்டியை மடக்க முடியாது. முதுகு கூன் விழுந்து, கழுத்தைத் திருப்ப வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும். "வயசானா வர்றதுதான்" என்று ஊரே சொன்னது. எங்கள் ஊரில் மட்டும் ஏன் நாற்பத்தைந்து வயதிலேயே பலருக்கு அந்த வயசு வந்துவிடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. போன வருஷம் எக்ஸ்ரே பார்த்த ஒரு டாக்டர்தான் நோயைக் கேட்பதற்கு முன் ஊரைக் கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னதும், "என்ன தண்ணி குடிக்கறீங்க?" என்றார்.

என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, "பொண்ணு வெத்தலை போடுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. அக்காவுக்குப் பிறகு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றைக்கும் அக்கா வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சிரிக்கிறது.

இவ்வளவையும் செய்தது எது? ஒரு கொதியில் பருப்பு வேகும் அதே நல்ல தண்ணி!

பாறைக்குள் இருக்கும் விஷயம்

அதன் பெயர் ஃப்ளோரைடு. இதை எந்தத் தொழிற்சாலையும் எங்கள் ஊரில் கொட்டவில்லை. பூமிக்கு அடியில் இருக்கும் கிரானைட், நைஸ் போன்ற பழங்காலக் கடினப் பாறைகளிலேயே இருக்கிறது. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளில் இறங்கி வருஷக்கணக்கில் ஊறும்போது, பாறையில் உள்ள தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. எவ்வளவு காலம் தண்ணீர் பாறையோடு உறவாடுகிறதோ அவ்வளவுக்கு அதிகம் கரையும். மேலாக இருக்கும் கிணறு மழை பெய்தால் புதுத் தண்ணீர் பெறும். ஆயிரம் அடி ஆழத்து போர் தண்ணீரோ ரொம்பப் பழைய தண்ணீர்.

இப்போது பருப்புக்கு வருவோம். தண்ணீரில் கால்சியம் அதிகம் இருந்தால் ஃப்ளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும். தண்ணீரில் நிறைய தங்காது. கால்சியம் குறைவாக இருந்தால் ஃப்ளோரைடு தாராளமாகக் கரைந்து நிற்கும். கால்சியம் குறைந்த தண்ணீர் என்றால் என்ன? மென்னீர்! சோப்பு நுரைக்கும், பருப்பு வேகும், வாய்க்கு இதமாக இருக்கும். எல்லா மென்னீரிலும் ஃப்ளோரைடு இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கப் பாறைகளில் நாக்கு 'நல்ல தண்ணி' என்று தேர்ந்தெடுப்பது பல சமயம் இதைத்தான். வேதியியல் புத்தகத்தில் மென்னீர், கடினநீர் என்று படித்து மார்க் வாங்கிய எனக்கு, அது என் வீட்டு அடுப்பில் இருக்கிறது என்று உறைக்க மூன்று வருஷம் ஆனது.

"பேஸ்ட்டுலயே ஃப்ளோரைடு இருக்கே? விளம்பரத்துல பல்லுக்கு நல்லதுன்னு சொல்றானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொஞ்சம் இருந்தால் பல் சொத்தை ஆகாமல் காக்கும். பேஸ்ட்டைத் துப்பிவிடுகிறோம், தண்ணீரைத் துப்புவதில்லையே! இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012) லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பும் 1.5தான். அதைத் தாண்டினால் குழந்தைகளின் பல் கெடும். 3-ஐத் தாண்டிய தண்ணீரைப் பல வருஷம் குடித்தால் எலும்பும் மூட்டும் கெடும். வெயிலில் வேலை செய்கிறவர் ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டர் குடிப்பார். அதே தண்ணீரில் களி, குழம்பு, டீ வேறு. ஆகவே ஏ.சி. அறையில் இருப்பவரை விடக் கூலி வேலைக்காரர் உடம்பில் இது அதிகம் சேரும்.

இன்னொன்று ரொம்ப முக்கியம். பால்பல் விழுந்து முளைக்கப் போகும் நிரந்தரப் பல், சுமார் எட்டு வயதுக்குள் ஈறுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. கறை விழுவதும் அப்போதுதான். அந்த வயது தாண்டிவிட்டால் பல்லில் புதுக் கறை விழாது. விழுந்த கறையும் போகாது. என் பல் போனது போனதுதான். இன்றைக்கு எங்கள் ஊர் அங்கன்வாடியில் இருக்கும் குழந்தைகளின் பல்லை மட்டும்தான் இனிக் காப்பாற்ற முடியும்.

காய்ச்சினால் போகாதா? போகாது. காய்ச்சினால் கிருமி சாகும். ஃப்ளோரைடு சாகிற ஜீவன் இல்லை. தண்ணீர் ஆவியாகிக் குறைய, மிச்சத் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். துணி போட்டு வடிகட்டினாலும், கேண்டில் ஃபில்டர் வைத்தாலும் போகாது.

யாரைக் குற்றம் சொல்வது?

நாம் இளைஞர்கள். கட்டுரை எழுத உட்கார்ந்தால் உடனே யாரையாவது குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் விசாரித்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஜனங்கள் குளத்திலும் படிக்கிணற்றிலும் இறங்கித் தண்ணீர் எடுத்தார்கள். அதில் காலரா வந்தது. நரம்புச் சிலந்தி என்ற புழு நோய் வந்தது. காலில் இருந்து முழ நீளத்துக்குப் புழு வெளியே வரும் என்று ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதிலிருந்து மக்களைக் காப்பாற்றத்தான் 1970-களுக்குப் பிறகு ஊர் ஊராக போர் போட்டு, 'இந்தியா மார்க் 2' கைப்பம்பு வைத்தார்கள். (மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க: அந்தப் பம்பு யுனிசெஃப் ஒத்துழைப்போடு நம் சென்னையில் உற்பத்திக்கு வந்தது!) பலன் கிடைத்தது. நரம்புச் சிலந்தி இல்லாத நாடு என்று 2000-ல் இந்தியாவுக்குச் சான்றிதழே கிடைத்தது. ஆகவே போர் போட்டவர்கள் நம் எதிரிகள் அல்ல. கிருமிக்குப் பயந்து ஆழத்துக்குப் போனோம். ஆழத்தில் வேறொன்று இருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் அது இருக்கிறது என்று தெரியாமல் இருந்ததா? அங்கேதான் மனசு கேட்கவில்லை. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில், கூன் விழுந்து முடங்கிய கிராமத்து ஜனங்களைப் பரிசோதித்து, காரணம் குடிநீரில் உள்ள ஃப்ளோரைடுதான் என்று ஷார்ட் என்ற மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் 1937-லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். 1937! என் தாத்தா பிறப்பதற்கு முன்னால். ஃப்ளோரைடை எடுக்கும் வழியையும் நம் நாட்டு விஞ்ஞானிகளே கண்டுபிடித்தார்கள். நாகபுரியில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970-களில் உருவாக்கிய முறைக்கு 'நல்கொண்டா முறை' என்று பெயர். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கித் தெளிய வைப்பது. நம் லேபில் ஜார் டெஸ்ட் செய்கிறோமே, ஏறக்குறைய அதே வேலைதான்.

அறிவு இருந்தது. அது எங்கள் ஊர்க் குழாயடி வரை வந்து சேரவில்லை. இதுதான் என் குற்றச்சாட்டு.

காவிரி வந்தது... ஆனால்?

நன்றி மறக்கக் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கலில் இருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். 6,000-க்கும் அதிகமான குடியிருப்புகளுக்கான திட்டம். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே 'ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்ற வார்த்தை இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஒகேனக்கல். அவ்வளவு பக்கத்தில் ஓடிய ஆறு எங்கள் குழாய்க்கு வந்த அன்று ஊரே தேங்காய் உடைத்தது.

ஆனால் காவிரித் தண்ணீர் தினமும் வருவதில்லை. வந்தாலும் தொட்டி நிறைய வருவதில்லை. மோட்டார் ரிப்பேர், கரண்ட் கட், குழாய் உடைப்பு... ஏதாவது ஒன்று. அப்போது என்ன செய்கிறார்கள்? பழைய போர் மோட்டாரைப் போட்டு அதே தொட்டியில் மிச்சத்தை நிரப்பிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றாகக் கலந்து, "காவிரித் தண்ணி" என்ற பெயரில் குழாயில் வருகிறது.

நாம் பாலிடெக்னிக் மாணவர்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, போர் தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம், ஆற்றுத் தண்ணீரில் 0.3 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி 30,000 லிட்டர். ஆற்றுத் தண்ணீர் 10,000 லிட்டரும் போர் தண்ணீர் 20,000 லிட்டரும் கலந்தால் 2.1 மில்லிகிராம். சரி, பாதிக்குப் பாதி கலப்போம். 1.65! அப்போதும் வரம்பைத் தாண்டித்தான் நிற்கிறது. 1 மில்லிகிராமுக்குக் கொண்டுவர வேண்டுமானால் தொட்டியில் கால் பங்குக்கு மேல் போர் தண்ணீர் சேரக் கூடாது. வால்வைத் திருப்பும் ஆபரேட்டர் அண்ணனுக்கு இந்தக் கணக்கை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவரும் பாவம், தண்ணீர் வரவில்லை என்றால் குடத்தோடு வந்து சத்தம் போடும் ஜனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

சுற்றுச்சூழல் பொறியியல் பாடம் எடுக்கும் எங்கள் சார் ஒருநாள், "அவங்கவங்க வீட்டுத் தண்ணிய ஒரு பாட்டில்ல எடுத்துட்டு வாங்கப்பா" என்றார். ஃப்ளோரைடு பார்க்கும் சின்னக் கிட் ஒன்று வைத்திருந்தார். அதில் ஊற்றும் மருந்து சிவப்பாக இருக்கும். ஃப்ளோரைடு இருந்தால் சிவப்பு வெளுத்து மஞ்சளாகும். பக்கத்தில் வண்ண அட்டை. எந்த நிறத்துக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஐந்து நிமிஷ வேலை. மற்றவர்கள் பாட்டில் எல்லாம் ரோஜா நிறத்தில் நின்றது. நான் கொண்டுபோனது காவிரி வராத ஒரு நாளில் குழாயில் பிடித்த தண்ணீர். அட்டையில் 1.5 இருக்கும் கட்டத்தைத் தாண்டி மஞ்சளுக்குப் போய்விட்டது. வகுப்பே அமைதியாகிவிட்டது. முதல் வருஷம் என்னைப் "பாக்கு போடுவியா" என்று கேட்ட அதே நண்பன் என் தோளில் கை வைத்தான்.

பதினெட்டு வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிஷம் போதுமாக இருந்தது!

மீட்டரும் ஏமாற்றும்

இப்போது எங்கள் பக்கம் கேன் தண்ணீர் வியாபாரம் ஜோராக நடக்கிறது. வியாபாரி பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் விட்டு, "பாருங்க, டிடிஎஸ் எவ்வளவு கம்மி" என்று காட்டுகிறார். நண்பர்களே, ஏமாறாதீர்கள். அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்தத்தைத்தான் காட்டும். அதில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது தரம். அந்த 500-க்குள் ஃப்ளோரைடு 3 இருந்தால்? மீட்டர் பாஸ் போடும். பல் ஃபெயில் ஆகும்! நாக்கைப் போலவே இதுவும் ஒரு அரைகுறை சாட்சி.

ஆர்.ஓ. இயந்திரம் ஃப்ளோரைடை எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் கேன் வாங்கக் காசு வேண்டுமே. எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் கேன் வாங்குவோம். காசுள்ளவனுக்குக் கேன், இல்லாதவனுக்குக் கறை என்றால் அது பொதுக் குடிநீர் ஆகுமா? திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாகவே மழையை வைத்தார். நாம் அதை 20 லிட்டர் பிளாஸ்டிக்கில் அடைத்து வைத்திருக்கிறோம்.

தொட்டியில் எழுதுங்கள்!

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்கிறாய்? ஒரே ஒரு விஷயம்தான் கேட்கிறேன்.

ஊருக்கு ஊர் மேல்நிலைத் தொட்டியைப் பாருங்கள். நீல எழுத்தில் திட்டத்தின் பெயர் இருக்கும். ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை, கொள்ளளவு இருக்கும். திறந்து வைத்தவர் பெயர் இருக்கும். தொட்டி கழுவிய நாளும் அடுத்துக் கழுவ வேண்டிய நாளும் கூட இருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் எப்படிப்பட்டது என்பது மட்டும் இருக்காது! தீப்பெட்டியில் எத்தனை குச்சி என்று போடுகிறார்கள். பிஸ்கட் பாக்கெட்டில் என்னென்ன கலந்திருக்கிறது என்று போடுகிறார்கள். ஒரு ஊரே குடிக்கும் தண்ணீருக்கு ஒரு வரி எழுதக் கூடாதா?

தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கடைசியாகச் சோதித்த நாள் எது, ஃப்ளோரைடு எவ்வளவு. இந்த மூன்றையும் தொட்டியில் எழுதுங்கள். 1.5-க்கு மேல் இருக்கும் கைப்பம்புக்குச் சிவப்பு பெயிண்ட் அடியுங்கள். இது நான் கற்பனையில் சொல்வது இல்லை. பங்களாதேஷில் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் இருப்பது 1993-ல் தெரிய வந்தது. பிறகு அங்கே சுமார் 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்து, கெட்டதற்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை என்று பெயிண்ட் அடித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயாவுக்குக் கூடச் சிவப்பு புரியும்.

இதை நான் எங்கள் பக்கத்தில் ஒரு அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தான். உட்கார வைத்துப் பேசினார். "எழுதினா ஜனங்க பயந்துடுவாங்க தம்பி. அப்புறம் மாத்துத் தண்ணிக்கு நான் எங்க போறது?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் மாற்று இல்லாமல் இல்லை. ஒரு ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு ஏழெட்டு லிட்டர் இருந்தால் போதும். குளிக்க, துவைக்க, மாட்டுத் தொழுவம் கழுவத்தான் மிச்சம் அவ்வளவும். வருகிற கொஞ்சம் காவிரித் தண்ணீரைப் போர் தண்ணீரோடு கலக்காமல் தனித் தொட்டியில் நிறுத்தி, அதைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் கொடுத்தால் பெரும்பாலான நாளைக்குப் போதுமே! தெரிந்தால் ஜனங்கள் தாங்களே பிரித்துப் பயன்படுத்துவார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் குழந்தைக்கும் முதலில் நல்லதைக் கொடுப்பார்கள். தெரியாததால்தான் காவிரித் தண்ணீரில் துணி துவைத்து, போர் தண்ணீரில் களி கிண்டுகிறோம். பயப்படுவார்கள் என்று மறைப்பதை விட, தெரிந்துகொண்டு பயப்படுவது மேல்.

சட்டமும் திட்டமும் நம் பக்கம்தான் இருக்கின்றன. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், குழாய் போடுவதோடு ஒவ்வொரு கிராமத்திலும் 5 பெண்களுக்குச் சோதனைக் கிட் பயிற்சி தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடங்கள் உண்டு. முடிவைக் காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. எங்கள் ஊரில் கிட் எங்கே என்று கேட்டேன். "பீரோவுல பத்திரமா இருக்கு" என்றார்கள். பீரோவுக்கு ஃப்ளோரோசிஸ் வராது!

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

வருஷா வருஷம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் போகிறோம். கோயில் வாசலில் புல் செதுக்குகிறோம், பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், ஊர்வலம் போகிறோம், கடைசி நாள் கலைநிகழ்ச்சி. நல்லதுதான். அடுத்த முகாமில் கூடவே ஒன்று செய்வோம். ஆளுக்கு ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு அந்த ஊரின் எல்லாப் பம்பு, எல்லாத் தொட்டித் தண்ணீரையும் சோதிப்போம். கிட் சொல்வதைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து உறுதி செய்துகொள்வோம். ஊர்ப் பெரியவர்களையும் ஊராட்சியையும் கலந்துகொண்டு, முடிவைப் பெயிண்டில் எழுதிவிட்டு வருவோம். சிவில் மாணவன் வரைபடம் போடட்டும். மெக்கானிக்கல் மாணவன் ரிப்பேரான பம்பைப் பார்க்கட்டும். எலக்ட்ரிகல் மாணவன் மோட்டாரைப் பார்க்கட்டும். தேர்வுக்காகப் படித்ததை ஒரு தடவையாவது தேவைக்காகச் செய்து பார்ப்போமே!

"எங்க ஊர்ல ஃப்ளோரைடு கிடையாதுப்பா" என்று மற்ற மாவட்ட நண்பர்கள் ஒதுங்க வேண்டாம். உங்கள் ஊரில் வேறு ஏதாவது இருக்கலாம். எருக்குழியும் உர மூட்டையும் கிணற்றோரம் இருந்தால் நைட்ரேட் இருக்கலாம். சாக்கடை ஓரம் குழாய் உடைந்திருந்தால் கிருமி இருக்கலாம். நிறம் இல்லை, நாற்றம் இல்லை, ருசியாக இருக்கிறது என்பதெல்லாம் நல்ல தண்ணீருக்குச் சான்றிதழ் இல்லை. சோதித்துப் பார்த்த தண்ணீர்தான் நல்ல தண்ணீர். நாளைக்கு நம்மில் பலர் ஓவர்சியராகவும் பஞ்சாயத்து, வாரிய அலுவலகங்களில் ஊழியராகவும் காண்டிராக்டராகவும் உட்காரப் போகிறோம். தொட்டிக்கு எஸ்டிமேட் போடும்போது கம்பி எவ்வளவு, சிமெண்ட் எவ்வளவு என்று எழுதுவோம். தண்ணீர் எப்படி என்ற வரியை அந்த நாற்காலியில் இருந்து நாம்தானே சேர்க்க வேண்டும்?

எனக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. வாக்காளர் பட்டியலில் பேர் கொடுத்தாகிவிட்டது. வரும் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். தமிழ்நாட்டில் அன்றைக்குக் கிராம சபை கூட வேண்டும். அந்தக் கூட்டத்தில் எங்கள் வீட்டிலிருந்து இதுவரை யாரும் எழுந்து பேசியதில்லை. அப்பா பெங்களூரில் இருப்பார். அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார். இந்தத் தடவை நான் லீவு போட்டுவிட்டுப் போகப் போகிறேன். ஒரு பாட்டில் தண்ணீரும், சாரிடம் கேட்டு வாங்கிய கிட்டும் கையில் இருக்கும். எல்லார் முன்னாலும் சோதித்துக் காட்டி, "இதைத் தொட்டியில எழுதணும், தீர்மானம் போடுங்க" என்று கேட்கப் போகிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். "ஊரே பார்க்கும்டா, வாயைத் திறந்தா பல்லு தெரியுமே" என்று கவலைப்பட்டார்.

தெரியட்டும் அம்மா. அதைக் காட்டத்தானே போகிறேன்.